மலிவு விலை 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர்: அது காட்டும் நேரத்தை எவ்வளவு நம்பலாம்?

லாஜிக் அனலைசர் என்பது டிஜிட்டல் சிக்னல் எப்போது 0, எப்போது 1 என்று பதிவு செய்து கணினித் திரையில் காட்டும் கருவி. இது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. ஒரு பக்கம் யுஎஸ்பி, மறுபக்கம் பத்துப் பின். எட்டு சேனல், விநாடிக்கு 2.4 கோடி சாம்பிள் (ஒருமுறை பார்த்துக் குறிப்பது ஒரு சாம்பிள்). இணையக் கடைகளில் பல பெயர்களில் விற்கிறது, பல சமயம் பெயரே இல்லாமலும் விற்கிறது. ஐ2சி (இரண்டு வயரில் சிப்புகள் பேசும் முறை) சென்சார் பதில் சொல்கிறதா, சீரியல் லைனில் என்ன எழுத்து போகிறது என்று பார்க்க இது தாராளமாகப் போதும். அதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். பிடித்த சிக்னலில் உள்ள கிளிட்ச்சை (தேவையில்லாத குட்டிக் குத்தலை) வடிகட்டி, இரண்டு எட்ஜுக்கு (0, 1 மாறும் இடத்துக்கு) நடுவே எவ்வளவு நேரம் என்று அளக்கும்போது வரும் எண் எவ்வளவு சரி என்பதை மட்டும் இந்த மதிப்புரை பார்க்கிறது. மென்பொருள், சிக்ரோக் திட்டத்தின் பல்ஸ்வியூ. 2020இல் வந்த 0.4.2 பதிப்பு.

பெட்டியைத் திறந்தால் சைப்ரஸ் நிறுவனத்தின் சிஒய்7சி68013ஏ சிப் இருக்கும். எஃப்எக்ஸ்2எல்பி என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். பக்கத்தில் ஒரு சின்ன ஈஈப்ராம், ஒரு 24 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், சில பலகைகளில் 245 வகை பஃபர் ஐசி. சாம்பிளைச் சேர்த்து வைக்கும் மெமரி என்று எதுவும் இல்லை. சிப்புக்குள் இருக்கும் 4 கிலோபைட் ஃபைஃபோ (வந்த வரிசையிலேயே வெளியே அனுப்பும் தற்காலிக இடம்) மட்டும்தான். அதனால் பிடித்ததைப் பிடித்த கையோடு கணினிக்கு அனுப்பிவிட வேண்டும். முழு வேகத்தில் விநாடிக்கு 24 மெகாபைட் போகும். அதே ஹப்பில் வெப்கேமோ பென்டிரைவோ இருந்தால் ஃபைஃபோ நிரம்பி வழியும்; உடனே பதிவு பாதியிலேயே நின்றுவிடும். 1 கோடி சாம்பிள் கேட்டு 30 லட்சத்தோடு நின்றால் பலகையைச் சந்தேகிக்காதீர்கள். நேராக மதர்போர்டு போர்ட்டில் செருகுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். மூன்று சேனலை அணைத்தால் வேகம் கூடும் என்ற எண்ணமும் வேண்டாம்: எட்டு பிட்டும் ஒன்றாகத்தான் போகின்றன.

சிப்பை இயக்கும் நிரலான ஃபர்ம்வேர் அதில் நிரந்தரமாக இல்லை. ஒவ்வொரு முறை செருகும்போதும் சிக்ரோக்கின் எஃப்எக்ஸ்2லா ஃபர்ம்வேர் ராமில் ஏற்றப்படும். ஏறியதும் பலகை வேறு அடையாள எண்ணோடு யுஎஸ்பியில் புதிதாகத் தலைகாட்டும். முதல் தேடலில் பட்டியலில் வராமல் இரண்டாவது தேடலில் வருவது இதனால்தான். விண்டோஸில் முதலில் ஜாடிக் என்ற நிரலைக் கொண்டு வின்யுஎஸ்பி டிரைவரைப் போட வேண்டும். லினக்ஸில் யுடெவ் விதி (கருவியைத் தொட யாருக்கு அனுமதி என்று சொல்வது) இல்லாவிட்டால் ரூட் அனுமதி கேட்கும். பெட்டியின் மேல் சேனல்கள் 1 முதல் 8 வரை அச்சிட்டிருக்கும், திரையிலோ 0 முதல் 7. முதல் நாள் எல்லாரும் தவறான சேனலைத்தான் பார்ப்பார்கள்.

இனி எண்களுக்கு வருவோம். 24 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததற்கும் 41.67 நானோ விநாடி. ஒரு எட்ஜ் இந்த இடைவெளியில் எங்கே விழுந்தாலும், அடுத்த சாம்பிளில்தான் திரையில் தெரியும். ஆகவே இரண்டு எட்ஜுக்கு நடுவே அளக்கும் எந்த நேரத்திலும் கூடக்குறைய ஒரு சாம்பிள் பிழை எப்போதும் உண்டு. 41.67 நானோ விநாடிக்குக் குறைந்த பல்ஸ் மாட்டினாலும் மாட்டும், மாட்டாமலும் போகும்.

இதைக் கண்ணால் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. 16 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோ ஊனோ பலகையில் ஒரு பின்னை எஸ்பிஐ (SBI), சிபிஐ (CBI) கட்டளைகளால் மாறி மாறி ஏற்றி இறக்குங்கள். வங்கியும் இல்லை, புலனாய்வும் இல்லை. பிட்டை 1 ஆக்கவும் 0 ஆக்கவும் உள்ள அசெம்பிளி கட்டளைகள். ஒவ்வொன்றும் இரண்டு கிளாக். எனவே மேல்நிலை 125 நானோ விநாடி, அதாவது சரியாக மூன்று சாம்பிள். முடிவில்லா லூப்பின் குதிப்புக்கு இன்னும் இரண்டு கிளாக் சேர்வதால் கீழ்நிலை 250, ஆறு சாம்பிள். பல்ஸ்வியூவில் பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று, ஆறு, மூன்று, ஆறு என்று அழகாக ஓடும். திடீரென்று ஒரு இடத்தில் மூன்றுக்குப் பதில் இரண்டோ நான்கோ வரும். ஊனோவின் கிளாக் ஆடுகிறது என்று இதைப் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். ஆடவில்லை. ஊனோவின் செராமிக் ரெசனேட்டரும் அனலைசரின் கிரிஸ்டலும் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள். வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து ஒரு சாம்பிள் அளவு ஆனதும் ஒரு முறை நழுவுகிறது. இதை ஜிட்டர் (கிளாக்கின் நடுக்கம்) என்று அறிக்கையில் எழுதினால் தவறு.

அதே பதிவில் உண்மையான ஆட்டமும் தெரியும். 1.024 மில்லி விநாடிக்கு ஒருமுறை அலை சில மைக்ரோ விநாடி நின்று மறுபடி தொடங்கும். மில்லி விநாடிகளை எண்ணும் மில்லிஸ் கணக்குக்காக டைமர் 0 இன்டரப்ட் (நிரலை இடையில் நிறுத்திவிட்டு ஓடும் வேலை) ஓடும் நேரம் அது. 64ஆல் வகுத்த கிளாக், 256 எண்ணிக்கை. 64 × 256 கிளாக்கை 16 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அதே 1.024 வரும். இந்த இரண்டையும் ஒரே பதிவில் பிரித்துச் சொல்ல முடிந்தால் கருவியைப் புரிந்துகொண்டாயிற்று என்று அர்த்தம்.

அளப்பதற்குப் பல்ஸ்வியூவில் இரண்டு வழி. கருவிப்பட்டையில் கர்சரை இயக்கினால் இரண்டு கோடுகள் வரும். எட்ஜ் அருகே இழுத்தால் தானாக ஒட்டிக்கொள்ளும். நடுவே நேரமும் அதன் தலைகீழான அலைவெண்ணும் தெரியும். ஒட்டுவது வசதிதான், ஆனால் தூரத்திலிருந்து பார்க்கும்போது பக்கத்துக் கிளிட்ச்சில் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். ஒவ்வொரு கர்சரையும் நன்றாகப் பெரிதாக்கி ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். இன்னொரு வழி டைமிங் டிகோடர் (டிகோடர் என்பது பதிவைப் படித்துப் பொருள் சொல்லும் பகுதி). சேனலைக் கொடுத்து எந்த எட்ஜ் என்று தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு இடைவெளியையும் வரிசையாக எழுதிக் காட்டும். சராசரியும் தரும், எத்தனை இடைவெளிக்குச் சராசரி என்பதை நாமே வைக்கலாம். ஏறும் எட்ஜ் மட்டும் என்று வைத்தால் பீரியட் (ஒரு முழு அலையின் நேரம்), இரண்டு எட்ஜும் என்றால் பல்ஸ் அகலம். டியூட்டி சைக்கிள் (பீரியடில் மேல்நிலையின் பங்கு) வேண்டுமானால் பிடபிள்யூஎம் டிகோடர் தனியாக இருக்கிறது. ஆயிரக்கணக்கான இடைவெளியில் ஒன்று மட்டும் தவறிப்போவதைத் தேட டைமிங் டிகோடர்தான் சரி. கர்சரால் அது ஆகாத காரியம்.

ஒரு பிட்டை அளக்காதீர்கள், பல பிட்டை அளந்து வகுங்கள். ஊனோவில் சீரியல் வேகத்தை விநாடிக்கு 115200 பிட் என்று வைத்து ஆங்கிலப் பெரிய எழுத்து 'யு'வைத் தொடர்ந்து அனுப்புங்கள். அதன் மதிப்பு 85, பிட்கள் ஒன்றுவிட்டு ஒன்று மாறும். ஸ்டார்ட் பிட்டின் இறங்கும் எட்ஜிலிருந்து ஸ்டாப் பிட்டின் ஏறும் எட்ஜ் வரை ஒன்பது பிட். 115200 என்பது சரியாக இருந்தால் 78.1 மைக்ரோ விநாடி வர வேண்டும். வருவது 76.5 அருகில். கருவியில் கோளாறு இல்லை. 16 மெகாஹெர்ட்ஸை 8 × 17ஆல் வகுத்தால் 117647. 115200க்கு அதைவிட நெருக்கமான எண் அந்த சிப்பில் கிடையாது. 2.1 சதவீதம் வேகம் அதிகம். ஒற்றைப் பிட்டை அளந்தால் ஒரு சாம்பிள் பிழையே அரை சதவீதம். ஒன்பது பிட்டை அளந்தால் அது 0.06 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். தொலைவில் உள்ள இன்னொரு பலகை எதிர்ப்பக்கம் 2 சதவீதம் விலகியிருந்தால் ஏன் குப்பை எழுத்து வருகிறது என்பதற்கு இந்த ஒரு அளவே பதில் சொல்லிவிடும்.

நீண்ட நேரம் அளக்கும்போது சாம்பிள் பிழை சிறுத்துப்போய், அனலைசரின் கிரிஸ்டல் பிழை முன்னுக்கு வரும். எஃப்எக்ஸ்2எல்பியின் தரவுத்தாள் கேட்பது 100 பிபிஎம்முக்குள் இருக்கும் கிரிஸ்டல். அதாவது ஒரு விநாடிக்கு 100 மைக்ரோ விநாடி வரை தவறலாம். இதை வைத்து டிஎஸ்3231 கடிகார ஐசி சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது, தள்ளாடுபவரைக் கூப்பிட்டு நேர்கோடு போடச் சொல்வதுபோல. 0 முதல் 40 டிகிரி வரை அந்த ஐசியின் துல்லியம் 2 பிபிஎம். வேலையைத் திருப்பிப் போடுங்கள்: ஐசியை வைத்து அனலைசரைச் சோதியுங்கள். அதன் 14 (0x0E) என்ற எண்ணுள்ள ரெஜிஸ்டரில் 0 எழுதினால் எஸ்கியூடபிள்யூ பின்னில் 1 ஹெர்ட்ஸ் சதுர அலை வரும். ஓபன் டிரெயின் வெளியீடு, அதாவது லைனைக் கீழே இழுக்கும், மேலே தள்ளாது. மாட்யூலில் புல்அப் (லைனை மேலே இழுக்கும் ரெசிஸ்டர்) இல்லாவிட்டால் 10 கிலோஓம் போட வேண்டும். 1 மெகாஹெர்ட்ஸில் 100 விநாடி பதிவு செய்து, முதல் இறங்கும் எட்ஜிலிருந்து நூறாவது பீரியடின் முடிவு வரை கர்சர் வையுங்கள். ஒன்றிரண்டு விநாடி கூடுதலாகப் பதிவு செய்வது நல்லது. 100.0032 விநாடி என்று காட்டினால் உங்கள் பலகை 32 பிபிஎம் வேகமாக எண்ணுகிறது. அந்த எண்ணைப் பெட்டியின் அடியில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

வடிகட்டுவதில்தான் பல்ஸ்வியூ கைவிடுகிறது. கிளிட்ச் ஃபில்டர் என்று ஒரு பொத்தான் அதில் இல்லை. டிரீம்சோர்ஸ்லேப் நிறுவனம் தரும் டிஎஸ்வியூ மென்பொருளில், ஒரே ஒரு சாம்பிள் அகலமுள்ள பல்ஸை நீக்கும் தேர்வு உண்டு. ஸேலியே நிறுவனத்தின் லாஜிக் 2 மென்பொருளில் அகலத்தைச் சொல்லி வடிகட்டும் வசதி இருக்கிறது. ஆனால் அவை அவரவர் கருவிக்காக எழுதியவை. இந்த மலிவுப் பலகைக்கு நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

முதலில் கிளிட்ச் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 1ஆம் சேனலில் உள்ள குத்தல்கள் எல்லாம் 0ஆம் சேனலின் எட்ஜோடு ஒட்டியே வந்தால் அது சர்க்யூட்டில் இல்லை, உங்கள் வயரில் இருக்கிறது. கூடவே வரும் 20 சென்டிமீட்டர் ஜம்பர்களை ஒன்றாகக் கட்டி, ஒரே ஒரு கிரவுண்டைத் தொலைவில் எங்கோ செருகினால் இப்படித்தான் ஆகும். கிரவுண்டை அளக்கும் ஐசியின் கிரவுண்ட் பின்னுக்கே கொண்டுபோங்கள். கிளாக் வயரோடு ஒரு கிரவுண்ட் வயரை முறுக்கிவிடுங்கள். இணைக்காத சேனல்கள் பக்கத்துச் சேனலை நிழல்போலக் காட்டும். அவற்றை மென்பொருளில் அணைத்துவிடலாம். பாதிக் கிளிட்ச் இதிலேயே போய்விடும்.

சாம்பிள் ரேட்டைக் குறைத்தால் கிளிட்ச் மறைகிறது என்று ஒரு வழக்கம் உண்டு. அது வடிகட்டல் இல்லை, கண்ணை மூடிக்கொள்வது. 1 மெகாஹெர்ட்ஸில் 40 நானோ விநாடி கிளிட்ச் இருபத்தைந்தில் ஒருமுறை மாட்டும். மாட்டினால் முழு ஒரு மைக்ரோ விநாடி பல்ஸாக, நிஜம்போலவே தெரியும். அதிக வேகத்தில் பதிவு செய்துவிட்டுப் பிறகு வடிகட்டுவதுதான் முறை.

பல்ஸ்வியூவிலிருந்து விசிடி (பட விசிடி அல்ல, value change dump) வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். சிஎஸ்வி ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு வரி எழுதி ஹார்டு டிஸ்கை நிரப்பும். விசிடி மாற்றம் நடந்த கணங்களை மட்டும் எழுதும். கோப்பின் தலையில் உள்ள நேர அலகு வரியை முதலில் படித்துக்கொள்ளுங்கள், அதைக் கவனிக்காமல் ஆயிரம் மடங்கு தவறுவது சகஜம். பிறகு பைத்தானில் இருபது வரி போதும்: எட்ஜ்களின் பட்டியலை எடுத்து, அடுத்தடுத்த இரண்டுக்கும் இடைவெளி வரம்புக்குக் கீழே இருந்தால் அந்த ஜோடியை நீக்கு. ஜோடியாக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் நீக்கினால் அதன்பின் உயர்நிலை தாழ்நிலை எல்லாம் தலைகீழாகிவிடும்.

எந்த ஜோடி என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. ஐ2சி கிளாக் லைன் மெதுவாக ஏறும்போது வாசலை (0, 1 என்று பிரிக்கும் மின்னழுத்தத்தை) கடக்கும் இடத்தில் தடுமாறும். 10.000 மைக்ரோ விநாடியில் ஏற்றம், 10.042இல் இறக்கம், 10.083இல் மறுபடி ஏற்றம், 14.200இல் இறக்கம் என்று பட்டியல் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஜோடியை நீக்கினால் ஏற்றம் 10.083இல், மேல்நிலை 4.117. இரண்டாவது ஜோடியை நீக்கினால் ஏற்றம் 10.000இல், மேல்நிலை 4.200. ஷ்மிட் டிரிகர் (ஏற ஒரு வாசல், இறங்க வேறு வாசல்) உள்ள ஐசி ஏறும் எட்ஜைத் தாமதமாகத்தான் ஏற்கும். ஆகவே மெதுவாக ஏறும் லைனில் கடைசி எட்ஜை வைத்துக்கொள்வதே அது பார்ப்பதற்கு நெருக்கம். எதை வைத்தாலும் கோப்பு முழுக்க ஒரே விதியை வையுங்கள்.

இன்னொன்று. 'N சாம்பிள் வரை நிலையாக இருந்தால்தான் ஏற்பேன்' என்ற வகை வடிகட்டி எட்ஜைத் தள்ளிப்போடும். ஒரே சேனலுக்குள் அகலம் மாறாது, ஏனென்றால் இரண்டு எட்ஜும் ஒரே அளவு தள்ளும். ஆனால் வடிகட்டிய சேனலுக்கும் வடிகட்டாத சேனலுக்கும் நடுவே செட்டப் நேரம் (கிளாக் எட்ஜுக்கு முன் தரவு நிலையாக இருக்கும் நேரம்) அளந்தால் அந்தத் தள்ளல் அப்படியே பிழையாக ஏறும். ஏற்றுக்கொண்ட எட்ஜின் பழைய நேரத்தையே எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

வரம்பு எவ்வளவு என்பதை நெறிமுறையே சொல்லும். 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சியில் 50 நானோ விநாடி வரையிலான குத்தல்களை ஐசியே விழுங்க வேண்டும் என்பது விதி. ஒரு சாம்பிள் அகலக் கிளிட்ச்சை நீக்குவது அதற்கு ஏறக்குறைய ஒத்துவரும். இதற்கு மேல் நீக்கினால் ஐசியைக் குழப்பிய உண்மையான குத்தலையே நீங்கள் அழித்துவிடுவீர்கள். டபிள்யூஎஸ்2812பி எல்இடியில் 0 என்ற பிட்டில் மேல்நிலை 0.4 மைக்ரோ விநாடி, 1 என்ற பிட்டில் 0.8. வரம்பை அரை மைக்ரோ விநாடி என்று வைத்தால் எல்லா 0வும் காணாமல் போகும். டிஎச்டி22 சென்சாருக்கோ 5 மைக்ரோ விநாடி வரம்பு வைத்தாலும் ஒன்றும் ஆகாது. அதில் மிகக் குறுகிய பல்ஸே 26.

டிகோடர்களும் கிளிட்ச்சை ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. யூஆர்ட் (சீரியல் லைன்) டிகோடர் பிட்டின் நடுவில் மட்டும் பார்க்கும், ஓரத்தில் இருக்கும் குத்தல் அதைத் தொடாது. ஐ2சி, எஸ்பிஐ (SPI: முன்பு சொன்ன கட்டளை இல்லை, சிப்புகள் பேசும் இன்னொரு முறை) டிகோடர்கள் கிளாக் எட்ஜை எண்ணுபவை. கிளாக்கில் ஒரே ஒரு கிளிட்ச் இருந்தால் அதன்பின் வரும் பைட்டுகள் எல்லாம் ஒரு பிட் நகர்ந்து அபத்தமாகும். தரவு நடுவில் இருந்து தவறினால் முதலில் கிளாக் சேனலைப் பாருங்கள். வடிகட்டிய விசிடியைப் பல்ஸ்வியூவிலேயே திரும்பத் திறந்து டிகோடர் போடலாம். மூலப் பதிவைத் தனியாகச் சேமித்து வைத்துவிட்டு நகலில் மட்டும் கைவையுங்கள்.

இந்தக் கருவியால் சரிசெய்யவே முடியாத ஒன்று, வாசல் மின்னழுத்தம். எஃப்எக்ஸ்2எல்பிக்கு 0.8 வோல்ட்டுக்குக் கீழே 0, 2.0க்கு மேலே 1. நடுவில் எங்கே மாறும் என்பது சிப்பின் விருப்பம், அதை மாற்ற வசதி இல்லை. 1.8 வோல்ட் சிக்னல் 2.0ஐத் தொடவே தொடாது. லெவல் ஷிஃப்டர் வேண்டும். மெதுவாக ஏறும் லைனில் இது நேரத்தையும் திரித்துவிடும். 3.3 வோல்ட், 4.7 கிலோஓம் புல்அப், 200 பிகோஃபாரட் உள்ள ஐ2சி பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அனலைசர் 1.4 வோல்ட்டில் மாறுவதாக வைத்தால், லைன் அங்கே வர 0.52 மைக்ரோ விநாடி ஆகும். ஐ2சி விதிப்படி 1 என்று உறுதியாகும் 2.31 வோல்ட்டுக்கு 1.13 மைக்ரோ விநாடி. அனலைசர் மேல்நிலையை 0.6 மைக்ரோ விநாடி நீட்டிக் காட்டுகிறது. திரையில் 4.3 என்று பார்த்து, 100 கிலோஹெர்ட்ஸ் ஐ2சிக்குக் குறைந்தபட்சம் 4.0தானே என்று நிம்மதியாக இருந்தால், ஐசிக்குக் கிடைப்பது 3.7தான். எந்த வடிகட்டலும் இதைக் காட்டாது. ஆசிலோஸ்கோப் கேட்டு வாங்க வேண்டிய இடம் இது.

5 வோல்ட் சர்க்யூட்டில் மாட்டும் முன் பெட்டியைத் திறந்து பஃபர் ஐசியின் எண்ணைப் படியுங்கள். 74எல்விசி245 என்றால் 5 வோல்ட்டைத் தாங்கும். 74எச்சி245 என்றால் 3.3 வோல்ட் சப்ளையில் உள்ளீட்டு டையோடுகள் வழியாக மின்சாரம் உள்ளே பாயும். தொடரில் 1 கிலோஓம் போட்டுக்கொள்ளுங்கள். மெயின்ஸிலிருந்து தனிமைப்படுத்தாத சர்க்யூட்டில் மாட்டவே கூடாது, அனலைசரின் கிரவுண்டும் கணினியின் கிரவுண்டும் ஒன்றுதான். நடுவில் ஏடியூஎம்4160 வகை யுஎஸ்பி ஐசொலேட்டர் போடலாமா என்றால், அது 12 மெகாபிட்டுக்கு மேல் போகாது. 24 மெகாபைட்டை அதன் வழியே தள்ள முடியாது.

வேக எல்லையும் தெளிவாகவே இருக்கிறது. ஒரு பீரியடுக்கு நான்கு சாம்பிளாவது வேண்டும் என்று வைத்தால் எஸ்பிஐ கிளாக் 6 மெகாஹெர்ட்ஸ் வரை படிக்கலாம், 8இல் அரை பீரியடுக்கு ஒன்றரை சாம்பிள்தான். படிப்பது வேறு, நேரம் அளப்பது வேறு: எட்ஜுக்கு எட்ஜ் ஐந்து சதவீதத்துக்குள் வேண்டும் என்றால் அளக்கும் இடைவெளி குறைந்தது 0.85 மைக்ரோ விநாடி இருக்க வேண்டும். 1 மெகாபிட் கேன் பஸ், சர்வோ, ரிமோட், ஐ2சி, யூஆர்ட் எல்லாம் இதற்குள் அடங்கும். எஸ்டி கார்டின் 25 மெகாஹெர்ட்ஸ் கிளாக் அடங்காது. டபிள்யூஎஸ்2812பியின் 0.4 மைக்ரோ விநாடிக்கு 9.6 சாம்பிள், அதற்கு அனுமதித்த விலகல் 150 நானோ விநாடி, அதாவது மூன்றரை சாம்பிள். தேர்ச்சியா தோல்வியா என்று சொல்லலாம், எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது.

அதற்கு மேல் வேண்டுபவர்களுக்கு டிஎஸ்லாஜிக் ப்ளஸ் பொருத்தம்: 256 மெகாபிட் சொந்த மெமரி, நான்கு சேனலில் விநாடிக்கு 40 கோடி சாம்பிள், மாற்றக்கூடிய வாசல். 1.8 வோல்ட் வேலை தினமும் இருந்தால் அந்த வாசலுக்காகவே வாங்கலாம். ஸேலியேயின் லாஜிக் 8, 10 கோடி சாம்பிளோடு அதே பின்னில் அனலாக் அலையையும் காட்டும்; மேலே சொன்ன ஐ2சி ஏற்றச் சிக்கலை அதில் நேரடியாகப் பார்த்துவிடலாம். விலைதான் இந்தப் பெட்டியைப்போல் பல மடங்கு.

மைக்ரோ விநாடி கணக்கில் வேலை செய்பவருக்கு இந்த மலிவுப் பலகையை வாங்கச் சொல்லலாம். வாங்கியதும் கூட வந்த ஜம்பர்களை ஓரம் வைத்துவிட்டு, கொக்கி கிளிப் உள்ள நல்ல வயர் ஒரு செட் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.